துடைத்தாலும் திரும்பி வரும் வைரஸ்: வீட்டுக் கணினியை முழுதாகச் சுத்தம் செய்யும் முறை

"அக்கா, ஸ்கேன் போட்டேன், ஏழெட்டு வைரஸ் பிடித்தது, எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். காலையில் பார்த்தால் மறுபடியும் அதே இடத்தில் இருக்கிறது." சிவகாசியில் கணினி பழுது பார்க்கும் எனக்கு இந்தப் புகார் வராத வாரம் குறைவு. இங்கே அச்சகங்களுக்கு வடிவமைப்பு செய்து கொடுப்பவர்களில் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். பகலில் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும், மாலையில் பிள்ளையின் பாடம், இரவில் யாராவது அதிலேயே படம் பார்ப்பார்கள். இப்படி எல்லார் கையும் படுகிற கணினிதான் என் மேசைக்கு வருகிறது.

வைரஸ் திரும்பி வருவதில் மாயம் எதுவும் கிடையாது. ஸ்கேன் அழித்தது ஒரு கோப்பை. அந்தக் கோப்பை மறுபடி கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு வேறெங்கோ உயிரோடு இருக்கிறது. அது குறித்த நேரத்தில் ஓடும் பணியாக இருக்கலாம், பிரவுசரில் ஒட்டிக்கொண்ட எக்ஸ்டென்ஷனாக இருக்கலாம், ஆன்டிவைரஸுக்கே போட்டுவைத்த வாய்ப்பூட்டாக இருக்கலாம், மேசை டிராயரில் கிடக்கும் பென்டிரைவாகவும் இருக்கலாம். அழைத்து வருபவனைப் பிடிக்காமல் வந்தவனை மட்டும் விரட்டிக்கொண்டிருந்தால் ஆண்டு முழுக்க விரட்டலாம். கீழே சொல்வது விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கானது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதல் வேலை: இணையத்தைத் துண்டிப்பது

நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பல வைரஸ்கள் இணையம் வழியாகத்தான் தங்கள் அடுத்த பாகத்தை இறக்குகின்றன. அழிக்க அழிக்க இறக்கிக்கொண்டே இருந்தால் உங்களுக்குத்தான் களைப்பு.

அடுத்து, வேறொரு கருவியிலிருந்து, அதாவது உங்கள் கைபேசியிலிருந்தோ நம்பகமான இன்னொரு கணினியிலிருந்தோ, மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு வங்கி, பிறகு மற்றவை. மின்னஞ்சல் முதலில் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் மீட்டெடுக்கும் இணைப்பு அங்கேதான் வந்து விழும். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்று கணக்கு அமைப்பில் ஒரு வசதி இருக்கும், அதையும் அழுத்துங்கள். இன்றைய தகவல் திருடும் வைரஸ்கள் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களோடு, நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கான குக்கீகளையும் வாரிக்கொண்டு போகின்றன. அந்தக் குக்கீ கையில் இருந்தால் ஓடிபி கூடத் தேவைப்படாது.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் கணினியை அப்படியே விட்டுவிட்டு 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. சுத்தம் செய்வதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புரியாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டு, எதுவும் திறக்காமல், ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ரீட்மீ கோப்பு இருக்கிறதா? அது ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ். வீட்டுக் கணினிகளில் அதிகம் தென்பட்டது ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று அழைக்கப்படும் குடும்பம். பல ஆண்டுகள் அது 980 டாலர் கேட்டது, மூன்று நாளுக்குள் கொடுத்தால் 490 என்று தள்ளுபடி வேறு சொன்னது. கொடுக்காதீர்கள். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-இல் இதற்கு ஓர் இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. பழைய வகைகளுக்கும், வைரஸ் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாத நேரத்தில் பூட்டிய கோப்புகளுக்கும் அது சில சமயம் பலிக்கும். நோ மோர் ரான்சம் என்ற தளத்திலும் தேடுங்கள். நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது அது. மீட்புக் கருவிகள் அங்கே இலவசம்.

வேண்டியதை எடுத்து வையுங்கள்

சுத்தம் செய்யத் தொடங்குமுன் படங்கள், வேர்டு கோப்புகள், பிடிஎஃப், வடிவமைப்புக் கோப்புகள் ஆகியவற்றை ஒரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நிறுவும் கோப்புகளை, அதாவது ஈஎக்ஸ்ஈ, எம்எஸ்ஐ வகைகளை எடுக்க வேண்டாம். அவற்றை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் எது எந்த வகை என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. விண்டோஸ் தானாகவே கோப்பு வகையை மறைத்து வைக்கிறது. 'பில்.பிடிஎஃப்.ஈஎக்ஸ்ஈ' என்று ஒருவன் அனுப்பினால் உங்கள் திரையில் 'பில்.பிடிஎஃப்' என்று மட்டும் நிற்கும், ஐகானையும் பிடிஎஃப் போலவே வைத்திருப்பான். ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, விண்டோஸ் 11 என்றால் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10 என்றால் வியூ தாவலிலேயே அந்தக் கட்டம் இருக்கும். இது இன்று ஒரு நாளைக்கு மட்டும் அல்ல, அப்படியே இருக்கட்டும்.

காவல்காரனைக் கட்டிப்போட்டிருக்கிறார்களா?

ஸ்கேன் போடுமுன் பலரும் பார்க்காமல் விடும் இடம் இது. செட்டிங்ஸுக்குள் விண்டோஸ் செக்யூரிட்டி, அதில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், அதன் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். 'இந்த இடங்களைச் சோதிக்காதே' என்று டிஃபெண்டரிடம், அதாவது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸிடம், சொல்லிவைக்கும் பட்டியல் அது. வீட்டுக் கணினியில் பெரும்பாலும் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். வைரஸ் உள்ளே வந்ததும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, தன் ஃபோல்டரை அங்கே எழுதிவைப்பது. சில சமயம் சி டிரைவ் முழுவதுமே அதில் இருக்கும். பிறகு நீங்கள் எத்தனை ஸ்கேன் போட்டாலும் 'எந்த ஆபத்தும் இல்லை' என்றுதான் பதில் வரும்.

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் நீக்குங்கள். எந்த ஃபோல்டர் எழுதியிருந்தது என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். நீக்க முடியாமல் 'நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால், வீட்டில் நிர்வாகி நீங்கள்தானே, வேறு யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் வைரஸ் கை வைத்திருக்கிறது என்று அர்த்தம். அது கொஞ்சம் ஆழமான நோய், கீழே ஃபார்மேட் பற்றிச் சொல்லும் இடத்துக்கு இப்போதே ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இதே பக்கத்தில் டேம்பர் புரொடெக்‌ஷன் என்று ஒன்று இருக்கும், அது ஆன் ஆக இருக்க வேண்டும்.

இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் நிறுவி வைத்திருப்பவர்கள் ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு கணினியை மூச்சுத் திணற வைக்கும்.

விண்டோஸ் எழுமுன் ஸ்கேன்

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது வைரஸும் ஓடுகிறது. ஓடும் கோப்பை அழிக்க விடாது, ஆன்டிவைரஸ் கண்ணில் மண்ணைத் தூவும். ஆகவே விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். இதற்கான வசதி டிஃபெண்டரிலேயே இருக்கிறது. ஒரு நிமிடம் இணையத்தை இணைத்து அதன் வைரஸ் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு மறுபடி துண்டியுங்கள். பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி அணைந்து எழுந்து, சுமார் கால் மணி நேரம் சோதித்துவிட்டு, தானே விண்டோஸுக்குத் திரும்பும். பிடித்தது என்ன என்பதை புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் பார்க்கலாம்.

அதைச் செய்யுமுன் ஓர் எச்சரிக்கை. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் பூட்டப்பட்டிருக்கும், அதை வாங்கியவருக்கே தெரியாது. இப்படிப்பட்ட வேலைகளின்போது திடீரென்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கைபேசி வழியாக நுழைந்து அந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இன்னொரு நிறுவனத்தின் கருவியால் இரண்டாவது கருத்து கேட்பது நல்லது. மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு, விளம்பர வைரஸ்களுக்கு அதே நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர், ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர், மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் ஆகிய இவற்றில் ஏதேனும் இரண்டு போதும். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், பழையதை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். நம் நாட்டில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன. இவற்றை நல்ல கணினியில் இறக்கிக் கொண்டுவாருங்கள். தேடுபொறியில் பெயரைப் போட்டு முதலில் வருகிற விளம்பரத்தை அழுத்தவே கூடாது. ஆன்டிவைரஸ் தேடிப் போய் வைரஸோடு வந்தவர்களுக்குக் குறைவில்லை.

அழைத்து வருபவனைப் பிடிப்பது

இப்போதுதான் உண்மையான வேலை. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் பிரிவில் ஆட்டோரன்ஸ் என்று ஒரு சின்னக் கருவி, முற்றிலும் இலவசம். மார்க் ருசினோவிச் உருவாக்கியவற்றில் ஒன்று. கணினி எழும்போது எதெல்லாம் தானாக ஓடத் தொடங்குகிறது என்பதை ஒன்றுவிடாமல் காட்டும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் காட்டும் ஸ்டார்ட்அப் பட்டியல் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

அதை வலது சொடுக்கி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறங்கள். ஆப்ஷன்ஸில் ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸை டிக் செய்தால் பட்டியல் கையாளக்கூடிய அளவுக்குச் சுருங்கும். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் வைரஸ்டோட்டல் சோதனையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு கோப்பையும் எத்தனை ஆன்டிவைரஸ்கள் குற்றம் சொல்கின்றன என்பது எண்ணாக வரும். இதற்கு மட்டும் இணையம் தேவை. மஞ்சள் நிற வரி என்றால், அழைப்பு இருக்கிறது, கோப்பு இல்லை. ஸ்கேன் அழித்துவிட்ட வைரஸின் மிச்சம் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கும். இளஞ்சிவப்பு வரி என்றால், தயாரித்தவர் யார் என்ற கையெழுத்து சரியாக இல்லை. இளஞ்சிவப்பு எல்லாம் வைரஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பிரிண்டர் டிரைவர், சில தமிழ்த் தட்டச்சுச் செயலிகள் கூட அப்படித்தான் தெரியும்.

லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், சர்வீசஸ், டபிள்யூஎம்ஐ ஆகிய நான்கு தாவல்களை நிதானமாகப் படியுங்கள். வீட்டுக் கணினிகளில் குற்றவாளி அடிக்கடி உட்கார்ந்திருப்பது ஷெட்யூல்டு டாஸ்க்ஸில். நான் அண்மையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பணியின் பெயர் 'அப்டேட்' என்று முடிந்தது, யாரும் சந்தேகப்படாத பெயர். ஆனால் அது ஓட்டியது டபிள்யூஸ்கிரிப்ட் என்ற விண்டோஸின் சொந்தக் கருவியை. அந்தக் கருவிக்குக் கொடுத்திருந்த கோப்பு ஆப்டேட்டா, ரோமிங் என்ற ஃபோல்டர்களுக்குள், அர்த்தமில்லாத எட்டு எழுத்துப் பெயரில், ஜேஎஸ் என்று முடிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி வைத்திருந்தார்கள். ஆன்டிவைரஸ் அழித்த கோப்பை அந்தப் பணி இணையத்திலிருந்து இறக்கிக் கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் மாதக் கணக்கில் ஸ்கேன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓட்டுவது விண்டோஸின் சொந்தக் கருவி என்பதால், ஒரு முறை ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸை எடுத்துவிட்டும் லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் இரண்டையும் பாருங்கள். டபிள்யூஸ்கிரிப்ட், பவர்ஷெல், எம்எஸ்ஹெச்டிஏ, ரன்டிஎல்எல் 32 ஆகியவற்றில் ஒன்றின் பெயரும், அதன் பின்னால் ஆப்டேட்டா, டெம்ப், புரோகிராம்டேட்டா, யூசர்ஸ் பப்ளிக் ஆகிய இடங்களில் ஒன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகம் வலுக்கிறது. எக்ஸ்க்ளூஷன்ஸில் குறித்துவைத்த ஃபோல்டர் இங்கேயும் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

உடனே அழிக்காதீர்கள். முதலில் டிக்கை மட்டும் எடுங்கள், கணினியை மறுபடி தொடங்குங்கள், எல்லாம் சரியாக ஓடினால் பிறகு அழிக்கலாம். டிக்கை எடுத்த கணமே அது தானாக மறுபடி விழுந்தால், இன்னொரு புரோகிராம் காவல் இருக்கிறது. ஒன்றைக் கொன்றால் மற்றது எழுப்பும். அதே சிஸ்இன்டர்னல்ஸின் புரோசஸ் எக்ஸ்ப்ளோரரில் இரண்டையும் முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள், அதாவது மயங்க வையுங்கள். இரண்டும் மயங்கிய பிறகு கில். மயங்கியது செத்ததாகக் காவல்காரனுக்குத் தெரியாது.

அதற்கும் மசியவில்லை என்றால் சேஃப் மோட். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு எண் 4. அங்கே பெரும்பாலான வைரஸ்கள் எழுவதில்லை. ஆட்டோரன்ஸை அங்கே திறந்து வேலையை முடியுங்கள்.

பிரவுசர்

திரையின் வலது மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள், உடனே புதுப்பியுங்கள்' என்று வந்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் வைரஸே இல்லை. படம் இறக்கும் ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்' என்று கேட்டபோது வீட்டில் யாரோ அழுத்தியிருக்கிறார்கள். பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். அத்தோடு அது ஓய்ந்துவிடும். இதற்கு ஃபார்மேட் செய்து காசு வாங்கும் ஆட்களும் ஊரில் உண்டு.

எக்ஸ்டென்ஷன் பிரச்சினை வேறு. நீக்கினாலும் திரும்பி வரும் எக்ஸ்டென்ஷனுக்குக் காரணம் பெரும்பாலும் சிங்க் வசதி. கணினியில் நீக்குகிறீர்கள், கூகுள் கணக்கில் அது பத்திரமாக இருக்கிறது, அடுத்த முறை தானாக வந்து இறங்குகிறது. முதலில் சிங்கை நிறுத்துங்கள், கணக்கில் சேமித்த சிங்க் தகவலை அழியுங்கள், பிறகு எக்ஸ்டென்ஷனை நீக்கி பிரவுசரை ரீசெட் செய்யுங்கள். குரோமின் மெனு அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று இருந்தால், வீட்டுக் கணினிக்கு எந்த நிறுவனமும் முதலாளி இல்லையே என்று யோசியுங்கள். வைரஸ் ரெஜிஸ்ட்ரியின் பாலிசீஸ் பகுதியில் எழுதிவைத்திருக்கலாம். சில நல்ல ஆன்டிவைரஸ்களும் அப்படி எழுதும் என்பதால், குரோமின் பாலிசி பக்கத்தைத் திறந்து எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆட்வ்கிளீனர் பெரும்பாலும் அதைத் துடைத்துவிடும்.

டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசர் ஐகானையும் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் படியுங்கள். ஈஎக்ஸ்ஈ என்பதற்குப் பின்னால் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால், அந்த ஐகானைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வையுங்கள்.

வீட்டில் கைபேசியிலும் இதே போலத் தவறான தளங்கள் திறந்தால் சந்தேகம் ரூட்டர் மீது. 2011-இல் அமெரிக்காவின் எஃப்பிஐ பிடித்த டிஎன்எஸ்சேஞ்சர் கும்பல், தளத்தின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் அமைப்பைக் கணினியிலும் சில ரூட்டர்களிலும் மாற்றித்தான் சம்பாதித்தது. ரூட்டரை ரீசெட் செய்து, அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கேபிள் போட வந்த தம்பி வைத்துவிட்டுப் போன 'அட்மின், அட்மின்' இன்னும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது.

பென்டிரைவ்

எங்கள் ஊரில் ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்று தொடங்கி மார்கழி வரை பென்டிரைவ்கள் ஓயாமல் சுற்றும். வடிவமைப்பாளர் வீட்டிலிருந்து பிளேட் போடும் இடத்துக்கு, அங்கிருந்து அச்சகத்துக்கு, திருத்தத்தோடு மறுபடி வீட்டுக்கு. ஷார்ட்கட் வைரஸுக்கு இதைவிட நல்ல வாகனம் வேண்டுமா? உங்கள் ஊரில் அது ஜெராக்ஸ் கடையாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகிய உடனே ஆட்டோரன் என்ற விண்டோஸ் வசதி வழியாக (மேலே சொன்ன ஆட்டோரன்ஸ் கருவி வேறு) வைரஸ் தானே ஓடும். 2011-இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் அந்தக் கதவை அடைத்துவிட்டது. ஆகவே இப்போது உங்கள் விரலையே பயன்படுத்துகிறது. உங்கள் ஃபோல்டர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே ஃபோல்டர் ஐகானோடு ஷார்ட்கட்களை வைக்கிறது. ஐகானின் இடது கீழ் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும், அதுதான் ஒரே அடையாளம். இரட்டைச் சொடுக்கினால் உங்கள் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். ஃபோல்டர் திறந்துவிட்டதே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. இன்னொரு வகை, எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு மறைந்த ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு, பென்டிரைவின் பெயரிலேயே ஒரே ஒரு ஷார்ட்கட்டை வெளியே வைக்கும்.

'ஃபைல் எல்லாம் போய்விட்டது' என்று அழுதுகொண்டு ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். கோப்புகள் உள்ளேயேதான் இருக்கின்றன. முதலில் கணினியைச் சுத்தம் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் வீண். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ தாவலில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி மாற்றி, 'ஹைட் புரொடெக்டெட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கையும் எடுங்கள். இந்த இரண்டாவதை எடுக்காமல் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லையே' என்பவர்கள்தான் அதிகம். இப்போது உங்கள் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். பென்டிரைவின் பெயரை எக்ஸ்ப்ளோரரின் இடது பக்கத்தில் சொடுக்கி உள்ளே போங்கள், ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். மங்கலான ஃபோல்டருக்குள் இருப்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, கணினியில் புதிதாக உருவாக்கிய ஃபோல்டருக்கு நகலெடுங்கள். ஃபோல்டரை அப்படியே இழுத்தால் மறைந்த தன்மையும் கூடவே வரும். நகலெடுத்ததைச் சோதித்த பிறகு பென்டிரைவை ஃபார்மேட் செய்து, டிக்குகளைப் பழையபடி வைத்துவிடுங்கள். வீட்டில் உள்ள மெமரி கார்டு, கேமரா, பழைய ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றையும் இதே போலப் பார்த்தாக வேண்டும். ஒன்றை விட்டால் அது போதும்.

கடைக்கு எடுத்துப் போக இனித் தனி பென்டிரைவ் வையுங்கள். அதில் அன்றைய பிடிஎஃப் தவிர வேறொன்றும் இருக்க வேண்டாம். திரும்பி வந்ததும் திறந்து பார்க்காமல் ஃபார்மேட். முடிந்தவரை மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடுங்கள் என்று என் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். அண்ணாச்சிகள் 'பெரிய ஃபைல் போகாது தாயி' என்கிறார்கள். கூகுள் டிரைவ் இணைப்பாகப் போகும், அண்ணாச்சி.

எப்போது கையைக் கழுவிவிட்டு ஃபார்மேட் செய்வது?

டிஃபெண்டரை ஆன் செய்யவே முடியவில்லை, நீக்கிய எக்ஸ்க்ளூஷன் மறுபடி வருகிறது, ரான்சம்வேர் வந்துபோயிருக்கிறது, யாரோ தொலைவிலிருந்து மவுஸை நகர்த்தியதைப் பார்த்தீர்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்னதில் நேரம் செலவழிக்காதீர்கள். அந்தக் கணினியில் வங்கி வேலை செய்பவராக இருந்தால் என் கை தயங்காமல் ஃபார்மேட்டுக்குத்தான் போகும்.

நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றுங்கள். நிறுவும்போது பழைய பார்ட்டிஷன்களைக் காட்டும் திரையில், எந்த டிஸ்க் என்பதை உறுதி செய்துகொண்டு, அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்து, டி டிரைவில் பழைய 'சாஃப்ட்வேர்ஸ்' ஃபோல்டரை அப்படியே விடுவதுதான் நம் ஊர் வழக்கம். அந்த ஃபோல்டரில்தான் எல்லாமே இருக்கிறது. அசல் உரிமத்தோடு வந்த கணினியில் அதே பதிப்பை நிறுவினால், இணையம் கிடைத்ததும் தானே செயல்படத் தொடங்கும், சாவி எண் தேட வேண்டாம். 'ஹார்டு டிஸ்க்கையே மாற்ற வேண்டும்' என்று யாராவது சொன்னால் வேறு கடையைப் பாருங்கள்.

மறுபடி வராமல் இருக்க

கிராக். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. உரிமம் இல்லாத விண்டோஸையும் வடிவமைப்பு மென்பொருளையும் ஓட வைக்கும் ஆக்டிவேட்டர்கள் 'முதலில் ஆன்டிவைரஸை அணையுங்கள்' என்று எழுதியே கேட்கின்றன. அணைத்துக் கொடுத்த பிறகு உள்ளே என்ன வந்தது என்று யாருக்குத் தெரியும்? பணம் இல்லை என்றால் லிப்ரேஆஃபிஸ், இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் எல்லாம் இலவசம். பழகச் சிரமம்தான், ஒத்துக்கொள்கிறேன். தமிழ்த் தட்டச்சுக்கு எங்கெங்கோ இறக்க வேண்டாம், விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது.

தினசரி வேலைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்டு கணக்கு. பிள்ளைகளுக்கு நிச்சயமாக. விளையாட்டை இறக்கி நிறுவப் போனால் உங்கள் கடவுச்சொல் கேட்கும், அந்த ஒரு தடை பல வைரஸ்களை வாசலிலேயே நிறுத்தும்.

இப்போது பரவலாக இருக்கும் ஏமாற்று ஒன்றை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். 'நீங்கள் மனிதர் என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பக்கம் வரும். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்து, பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர் என்று மூன்று படி சொல்லும். அந்தப் பக்கம் ரகசியமாக நகலெடுத்துவைத்த கட்டளையை நீங்களே உங்கள் கையால் ஓட்டுகிறீர்கள். லும்மா போன்ற தகவல் திருடிகள் இப்படித்தான் நுழைகின்றன. எந்த உண்மையான தளமும் அந்த மூன்று விசைகளைக் கேட்காது.

ஜேஎஸ், விபிஎஸ் என்று முடியும் கோப்புகள் நோட்பேடில் திறக்கும்படி டிஃபால்ட் ஆப்ஸில் மாற்றிவிடுங்கள். மின்னஞ்சலில் வந்த போலி பில்லை யாராவது சொடுக்கினால் புரியாத எழுத்துகள் திரையில் வரும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ஷார்ட்கட் வைரஸை இது தடுக்காது, அது ஓட்டும் கருவியை நேரடியாக அழைக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு ஏற முடியாத பழைய கணினி என்றால், நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேருங்கள் அல்லது லினக்ஸ் போடுங்கள். காப்பு டிஸ்க்கை நகலெடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் கழற்றியே வையுங்கள். செருகியே கிடந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

எல்லாம் முடிந்ததும் சிஸ்டம் ரெஸ்டோரை ஒரு முறை அணைத்து ஆன் செய்யுங்கள், வைரஸோடு சேர்த்துச் சேமித்த பழைய நிலைகள் போய்விடும். கணினியை இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் செய்து, எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல் காலியாகவே இருக்கிறதா என்று பார்த்து, ஆஃப்லைன் ஸ்கேன் இன்னொன்று போடுங்கள். பிறகு ஆட்டோரன்ஸைத் திறந்து, சுத்தமான இந்த நிலையை ஃபைல், சேவ் கொடுத்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே ஆட்டோரன்ஸில் ஃபைல், கம்பேர் கொடுத்து அந்தக் கோப்பைக் காட்டினால், இடையில் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டவை பச்சை நிறத்தில் தெரியும். பிரிண்டரோ பிரவுசர் புதுப்பிப்போ பச்சையில் இருந்தால் கவலை இல்லை. ஆப்டேட்டாவுக்குள்ளிருந்து ஏதாவது பச்சையாக எட்டிப் பார்த்தால், நெட் கேபிளைப் பிடுங்குங்கள்.